நீர்ப்பந்தாட்ட வீரர் ஒலிவேர் ஹலாஷி

பெரியோர் சரிதங்களை மாணவர்க்கு எடுத்துரைக்கப் புகும்போது ஞானியரையும் புலவரையும் நாட்டுத் தலைவர்களையுமே யாம் பெரும்பாலும் நினைக்கின்றோம். விளையாட்டு வீரரின் சரிதம் மைதானத்தோடு முடிந்துவிடும் என்பது பலரின் எண்ணம். ஓடியவன் ஓடினான், எறிந்தவன் எறிந்தான், பெற்ற கிண்ணம் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றது, அதற்குமேற் சொல்ல யாதுண்டு என்பர் அவர். ஆயினும் ஒருவன் தன் உடலாற் செய்யும் செயலிலே அவன் உள்ளத்தின் திண்மை முழுவதும் வெளிப்படுதலும் உண்டு. ஹங்கேரி நாட்டு ஒலிவேர் ஹலாஷியின் வாழ்க்கை அத்தகையது.

ஹலாஷி நீர்ப்பந்தாட்டத்திலே இருமுறை ஒலிம்பிக் தங்கப் பதக்கமும் ஒருமுறை வெள்ளிப் பதக்கமும் பெற்ற குழுக்களில் இடம்பெற்றவர். நீர்ப்பந்தாட்டத்தில் மட்டுமன்றி, தனிநீச்சலிலும் ஐரோப்பாவின் நெடுந்தூரச் சம்பியனாக விளங்கியவர். இடது காலிலே முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதி அவருக்கு இல்லை. இச்செய்தியைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் முதலில் எழுவது இரக்கம். அடுத்து எழுவது வியப்பு. இவ்விரண்டையும் சற்றே ஒதுக்கிவைத்து அவர் சரிதத்தை நோக்குதல் வேண்டும். ஏனெனில், பிறர் எல்லாரையும் அளந்த கோலினாலேயே அவரும் அளக்கப்பட்டார். அந்தக் கோலின்படியே அவர் வென்றார். அவருடைய பெருமையின் நிலைக்களம் அதுவேயாகும்.

அவர் பிறந்த நாட்டைப்பற்றிச் சில கூறுதல் பொருந்தும். ஹங்கேரி ஐரோப்பாக் கண்டத்தின் நடுப்பகுதியில் உள்ள நாடு. முதலாம் உலக மகாயுத்தத்தின்முன் அது ஒஸ்திரியாவுடன் இணைந்த பேரரசாய் இருந்தது. ஏட்ரியாற்றிக் கடலிலே துறைமுகமும் அதற்கு இருந்தது. யுத்தத்திலே தோல்வியுற்றபின், 1920 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4 ஆந் தேதி கைச்சாத்திடப்பட்ட திரியனோன் உடன்படிக்கையால் அந்நாடு தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது, கடற்கரையையும் இழந்தது. எஞ்சியது நாற்புறமும் நிலஞ்சூழ்ந்த ஒரு சிறுநாடு. கடலில்லாத அந்நாட்டு மக்களே பின்னர் நீர் விளையாட்டில் உலகுக்கு ஆசிரியராயினர் என்பது சிந்திக்கற்பாலது.

அதற்குக் காரணமும் இல்லாமற் போகவில்லை. தலைநகராகிய புடாபெஸ்டை ஊடறுத்து டான்யூப் நதி பாய்கின்றது. நகரின் நிலத்தடியிலிருந்து வெந்நீரூற்றுக்கள் பல பொங்குகின்றன. துருக்கியர் ஆண்ட காலத்திலே கட்டிய நீராட்டு மண்டபங்கள் சில இன்றும் அங்கே உள்ளன. மாரிகாலத்திற் பனி மூடிய வேளையிலும் வெந்நீர்த் தடாகத்தில் இறங்கி நீந்துதல் அந்நகரத்தார்க்குப் பழக்கம். 1896 ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் விளையாட்டு விழா முதன்முதல் நடைபெற்றபோது, குளிர்ந்த கடலில் நிகழ்ந்த நீச்சற் போட்டிகள் இரண்டில் வென்றவர் ஹங்கேரியராகிய அல்பிரெட் ஹயோஷ் என்பவரே. அவர் இளைஞராய் இருந்தபோது அவருடைய தந்தையார் டான்யூப் நதியில் மூழ்கி இறந்தார். பிற்காலத்திலே கட்டடக் கலைஞராய் விளங்கிய ஹயோஷ், 1930 ஆம் ஆண்டளவில் டான்யூப் நதியின் நடுவேயுள்ள மார்கிற் தீவிலே பெரிய நீச்சல் மண்டபம் ஒன்றையும் அமைத்துக் கொடுத்தார். தந்தையைக் கொண்ட நீரையே தம் நாட்டு இளைஞர்க்குப் பயிற்சிக் களமாக்கிய அப்பெரியாரின் வழியிலே தோன்றிய தலைமுறையைச் சேர்ந்தவர் ஹலாஷி.

1909 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31 ஆந் தேதி ஊய்பெஸ்ட் என்னும் பட்டினத்தில் அவர் பிறந்தார். புதிய பெஸ்ட் எனப் பொருள்படும் அப்பட்டினம் தலைநகருக்கு வடக்கே, டான்யூப் நதியின் கீழ்க்கரையில் அமைந்தது. தோல் பதனிடும் சாலைகளும் மின்குமிழ்த் தொழிற்சாலையும் நிறைந்த உழைப்பாளர் ஊர் அது. அக்காலத்திலே அது தனியொரு நகராயிருந்தது. 1950 ஆம் ஆண்டிலேதான் புடாபெஸ்டுடன் சேர்க்கப்பட்டது. அவருடைய குடும்பப் பெயர் முதலிலே ஹால்ற்மாயர் என்னும் ஜேர்மானியப் பெயராய் இருந்தது. ஜேர்மானியப் பெயருடையோர் பலர் அக்காலத்திலே ஹங்கேரியப் பெயர்களைப் புனைந்துகொண்டனர். அவ்வாறே இவரும் ஹலாஷி ஆயினார். ஹங்கேரிய மொழியிலே குடும்பப் பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைத்து வழங்குவர். ஆகவே அவருடைய நாட்டில் அவர் ஹலாஷி ஒலிவேர் எனப்படுவர். அப்பெயரின் முதலில் நிற்கும் ஹல் என்னுஞ் சொல் அம்மொழியிலே மீனைக் குறிக்கும். இப்பொருத்தம் தற்செயலாக நேர்ந்ததாயினும் நினைக்க இனிமை தருகின்றது.

சிறுவனாய் இருந்த காலத்திலேயே அவருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. வீதியிலே திராம் வண்டியால் ஏற்பட்ட விபத்தில் அவருடைய இடது கால் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே அதனை வெட்டி நீக்கவேண்டியதாயிற்று. முதலாம் உலக மகாயுத்தத்தை ஒட்டிய காலம் அது. போர்முனையிலிருந்து கையும் காலும் இழந்து திரும்பிய வீரர்கள் ஐரோப்பாவின் நகரங்கள் எங்கும் ஊன்றுகோலுடன் நடமாடினர். அவர்களுக்கு அரசாங்கம் சிறு உதவித்தொகை அளித்தது. மக்கள் இரக்கம் காட்டினர். காலிழந்த ஒரு சிறுவனுக்கு எதிர்காலத்தில் என்ன தொழில் கிடைக்கும், எவ்வாறு அவன் பிழைப்பான் என்பதே பெற்றோரின் கவலையாய் இருந்திருக்கும். அவன் நாட்டின் முதன்மையான விளையாட்டு வீரன் ஆவான் என எவரும் எண்ணியிருக்க இடமில்லை.

நிலத்திலே நடப்பவனுக்கு உடலின் பாரம் முழுவதும் கால்களின்மேல் நிற்கின்றது. நீரிலே அவ்வாறன்று, நீர் உடலைத் தாங்கிக்கொள்கின்றது. நிலத்திலே குறைவுடையவனாய்த் தோன்றும் ஒருவன் நீரிலே பெரும்பாலும் நிறைவுடையவன் ஆகின்றான். இளைஞராகிய ஹலாஷி இதனை நூல்களிற் கற்றவரல்லர்; தம் உடலினாற் கற்றவர். ஊய்பெஸ்ட் விளையாட்டுக் கழகம் 1885 ஆம் ஆண்டு தொடங்கிய பழமையான கழகம். அதிலே சேர்ந்து அவர் நீந்தினார். நீந்துதற்கு வேண்டிய விசையிற் பெரும்பங்கைத் தோள்களும் கைகளுமே தருகின்றன. தோளின் வலிமையையும் மூச்சின் நீட்சியையும் அவர் இடைவிடாது வளர்த்துக்கொண்டார். நாளடைவிலே ஹங்கேரிய தேசிய நீச்சற் போட்டிகளிலே இருபதுக்கு மேற்பட்ட பட்டங்கள் அவருக்கு உரியன ஆயின.

நேரே நீந்துதல் ஒன்று, நீர்ப்பந்தாட்டம் வேறொன்று. வாட்டர் போலோ என வழங்கும் இவ்விளையாட்டு இங்கிலாந்திலே 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாகியது. ஹங்கேரியிலே 1899 ஆம் ஆண்டு பாலற்றோன் ஏரியிலே முதன்முதலாக ஆடப்பட்டது. ஒரு பக்கத்துக்கு எழுவர். அவருள் ஒருவர் கோல் காப்பாளர். ஏனையோர் ஒருகையினாலேயே பந்தைப் பிடித்தலும் எறிதலும் வேண்டும். தரையிற் காலூன்றுதல் அவர்க்கு ஆகாது. அக்காலத்து விதிகளின்படி ஆட்டம் 7 நிமிடங்கொண்ட இருபகுதிகளாய் நடந்தது. இறங்கிய எழுவருமே இறுதிவரை ஆடவேண்டும். களைத்தவனுக்குப் பதிலாக வேறொருவனை இறக்குதல் இயலாது. மத்தியஸ்தர் ஊதுகுழலை ஊதியவுடன் எல்லாரும் இருந்த இடத்திலேயே அசையாது மிதக்கவேண்டும். பந்தோ தோலாற் செய்தது. நீரை உறிஞ்சிப் பாரமாகிவிடும்.

இவ்விளையாட்டிலே கைகளின் வேலை காண்போர் கண்ணுக்குத் தெரியும். கால்களின் வேலை நீரின்கீழே மறைந்துகிடக்கும். பந்தை எறிபவன் ஒரு கையை உயர்த்துகின்றான். மறுகையால் நீரை அழுத்துகின்றான். அவன் மார்பளவு மேலெழுதற்குக் கால்களின் உதைப்பே காரணம். எதிரி தோளைப் பற்றி அழுத்தும்போதும் மூழ்காமல் நிற்கச் செய்வது அவ்வுதைப்பே. ஆகவே ஒரு காற்பாதம் இல்லாமை நேர்நீச்சலைக் காட்டிலும் நீர்ப்பந்தாட்டத்திலேயே பெருங்குறையாய் அமையும். நீர் தாங்கும் என்று மேலே கூறினோம். ஆனால் இவ்விளையாட்டிலே எதிரி தாங்கான். அவன் இழுப்பான், தள்ளுவான், நீருள் அமிழ்த்துவான். இந்த எதிரியின் நடுவிலேதான் ஹலாஷி தமக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொண்டார்.

அவ்விடம் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடைப்பட்ட இடைக்காவலன் நிலையாகும். கோல் அடித்துப் புகழ்பெறுவோர் முன்வரிசையினர். இடைக்காவலனோ எதிரி எங்கே பந்தைச் செலுத்துவான் என முன்கூட்டியே உணர்ந்து அங்கே சென்று நிற்பவன். பறித்த பந்தை முன்னே தருபவன். தன் பக்கம் தாக்கும்போது முன்னேயும், தாக்கப்படும்போது பின்னேயும் ஓயாது நீந்துபவன். ஆட்டத்திலே மிகுதியாக நீந்தவேண்டியவன் அவனே. நெடுந்தூர நீச்சல் வீரராகிய ஹலாஷிக்கு அந்நிலை மிகப் பொருந்தியது. உதைப்பிலே குறைந்ததை இடமறியும் அறிவினாலும் தளராத நீச்சலினாலும் அவர் ஈடுசெய்தார். உலகத்திலே அக்காலத்து இடைக்காவலருள் அவரைத் தலைசிறந்தவர் எனக் கொள்வாரும் உளர்.

அக்காலத்து ஹங்கேரியக் குழுவை உருவாக்கிய பயிற்சியாளர் பேலா கொம்யாடி என்பவர். அவர் 1892 இற் பிறந்தவர். பந்தை நீரிலே தள்ளிக்கொண்டு மெல்லச் செல்லும் பழைய முறையை அவர் ஏற்கவில்லை. பந்து நீரைத் தொடாமல் ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்கு ஆகாய வழியே விரைந்து செல்லவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. வலிமையைவிட விரைவும், விரைவைவிட ஒருவரையொருவர் உணர்ந்து ஆடுதலும் வேண்டும் என்று அவர் பயிற்றினார். 1926 ஆம் ஆண்டு புடாபெஸ்டில் நிகழ்ந்த முதலாவது ஐரோப்பியப் போட்டியிலேயே ஹங்கேரி வென்றது. இத்தகைய ஆசிரியர் ஒருவர் ஒரு காற் குறையுடைய இளைஞனைத் தேசியக் குழுவிற் சேர்த்தது இரக்கத்தினால் அன்று. எழுவருள் ஒருவர் தளர்ந்தாலும் குழு தோற்கும் ஒரு விளையாட்டிலே இரக்கத்திற்கு இடமில்லை. அவ்விளைஞர் அவ்விடத்துக்கு ஏற்றவர் என்பதனாலேயே அவர் தெரிந்தெடுக்கப்பட்டார்.

1928 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே ஹலாஷி அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் விழாவில் ஆடினார். அப்பொழுது அவருக்கு வயது 19. ஆர்ஜென்ரீனாவை 14 கோல்களாலும், அமெரிக்காவை 5 கோல்களாலும், எதிரிக்கு ஒன்றும் கொடாமல் ஹங்கேரி வென்றது. பிரான்சை 5 இற்கு 3 என வென்றது. இறுதி ஆட்டத்தில் ஜேர்மனி எதிர்நின்றது. குறித்த நேரத்தில் வெற்றி தோல்வி காணப்படாமையால் மேலதிக நேரம் ஆடவேண்டியதாயிற்று. அதிலே ஜேர்மானியர் முந்திக்கொண்டு 5 இற்கு 2 என வென்றனர். ஹங்கேரியர் வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பினர். அத்தோல்வி அவர்களைத் தளர்த்தவில்லை. அடுத்துவந்த பத்தாண்டின் ஆட்டம் முழுவதற்கும் அதுவே வித்தாயிற்று.

1931 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே ஐரோப்பிய நீச்சற் போட்டிகள் நடந்தன. ஹலாஷியின் வாழ்க்கையிலே இவ்வாண்டு தனித்துக் குறிக்கத்தக்கது. நீர்ப்பந்தாட்டத்திலே ஹங்கேரி வென்றது. அக்குழுவில் அவர் ஆடினார். அதே போட்டித் தொடரில் 1500 மீற்றர் நீச்சலிலும் அவர் இறங்கினார். 50 மீற்றர் நீளமுடைய குளத்திலே அத்தூரம் 30 முறை நீந்துதல் வேண்டும். 29 முறை சுவரைத் தொட்டுத் திரும்புதல் வேண்டும். ஒவ்வொரு திரும்புதலிலும் ஏனையோர் இருபாதங்களையும் சுவரில் ஊன்றி உந்தினர். ஹலாஷி ஒரு பாதத்தால் உந்தினார். திரும்புதல் ஒவ்வொன்றிலும் அவர் சிறிது இழந்தார். இழந்ததை அடுத்த சுவரை அடையுமுன் கைகளால் மீட்டார். இவ்வாறு 29 முறை இழந்தும் மீட்டும், 20 நிமிடம் 49 செக்கன்களில் முதல்வராய் முடித்து ஐரோப்பியச் சம்பியன் ஆனார். இஃது உலக சாதனை அன்று. சுவீடன் நாட்டு ஆர்ணே போர்க் என்பவர் 1927 இலே இத்தூரத்தை இதனினும் விரைவாக நீந்தியிருந்தார். ஆயினும் அன்று அக்குளத்தில் நீந்திய இருகால் உடையோர் அனைவரும் ஹலாஷிக்குப் பின்னே வந்தனர் என்பது மெய்.

அடுத்த ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒலிம்பிக் விழா நிகழ்ந்தது. உலகெங்கும் பொருளாதாரம் சீர்குலைந்திருந்த காலம் அது. தொலைவும் செலவும் கருதிப் பல நாடுகள் தம் வீரர்களை அனுப்பவில்லை. நீர்ப்பந்தாட்டத்துக்கு வந்த குழுக்கள் ஐந்தே. ஹங்கேரியர் கப்பலிலும் புகைவண்டியிலும் நெடும்பயணஞ் செய்து அங்கே சேர்ந்தனர். நான்காண்டுகளுக்குமுன் தம்மை வென்ற ஜேர்மனியை 6 இற்கு 2 என இம்முறை அவர்கள் வென்றனர். அமெரிக்காவையும் யப்பானையும் ஒரு கோலும் கொடாது வென்றனர். நீர்ப்பந்தாட்டத்திலே ஹங்கேரி பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் அதுவே. பயிற்சியாளர் கொம்யாடி தாம் கண்ட கனவு நனவாகியதைத் தம் கண்ணாற் கண்டார். எனினும் நெடுங்காலம் அவர் அதனை நினைந்து மகிழக் கொடுத்துவைக்கவில்லை. 1933 ஆம் ஆண்டிலே, நாற்பது வயதளவில், நீச்சற் குளத்திலேயே மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார். புடாபெஸ்டிலே உள்ள பெரிய நீச்சல் நிலையம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஆசிரியர் மறைந்தும் அவர் கற்பித்த முறை மறையவில்லை. 1934 ஆம் ஆண்டு ஜேர்மனியின் மாக்டெபேர்க் நகரில் ஹங்கேரி மீண்டும் ஐரோப்பியப் பட்டத்தைப் பெற்றது. ஹலாஷி அக்குழுவிலும் இருந்தார்.

1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் விழாவைப் பற்றி உலகம் நன்கறியும். ஹிட்லரின் அரசு தன் வலிமையை உலகுக்குக் காட்டும் மேடையாக அவ்விழாவை அமைத்திருந்தது. ஜேர்மானியக் குழு தன் சொந்த நகரில், தன் மக்கள் நிறைந்த குளத்திலே ஆடியது. இறுதிக் கட்டத்திலே ஹங்கேரி, ஜேர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் என நான்கு குழுக்கள் நின்றன. ஹங்கேரியும் ஜேர்மனியும் மோதிய ஆட்டம் 2 இற்கு 2 எனச் சமனாய் முடிந்தது. ஏனைய இருநாடுகளையும் இவ்விரு குழுக்களும் வென்றன. இரண்டுக்கும் புள்ளிகள் ஒன்றே. தங்கப் பதக்கம் யாருக்கு?

இவ்விடத்திலே கணித ஆசிரியர்களின் துணை வேண்டப்படுகின்றது. ஜேர்மனி பிரான்சை 8 இற்கு 1 எனவும் பெல்ஜியத்தை 4 இற்கு 1 எனவும் வென்றது. ஆகவே அது அடித்த கோல்கள் 14, கொடுத்த கோல்கள் 4. ஹங்கேரி பிரான்சை 5 இற்கு 0 எனவும் பெல்ஜியத்தை 3 இற்கு 0 எனவும் வென்றது. ஆகவே அது அடித்தவை 10, கொடுத்தவை 2. அடித்ததிலிருந்து கொடுத்ததைக் கழித்துப் பார்த்தால் ஜேர்மனிக்கு 10, ஹங்கேரிக்கு 8, ஜேர்மனியே முன்நிற்கும். ஆனால் அக்காலத்து விதி கழித்தலன்று, வகுத்தலே. அடித்ததைக் கொடுத்ததால் வகுத்தால் ஜேர்மனிக்கு மூன்றரை, ஹங்கேரிக்கு ஐந்து. இதனால் தங்கப் பதக்கம் ஹங்கேரிக்கு உரியதாயிற்று.

ஹங்கேரியர் மிகுதியாக அடித்ததனால் வென்றாரல்லர். குறைவாகக் கொடுத்ததனால் வென்றனர். கோல் அடித்தவர் பெயரை மறுநாட் பத்திரிகை அச்சிடும். அடிக்கவிடாமல் தடுத்தவர் பெயரை அச்சிடும் பத்திரிகை அரிது. நேர்ந்த நன்மை கண்ணுக்குத் தெரியும். நேராமற் காத்த தீமை கண்ணுக்குத் தெரியாது. ஜேர்மனி தவிர்ந்த இருநாடுகளும் ஒரு கோலேனும் அடிக்கவியலாமற் செய்த காவலே பெர்லினில் ஹங்கேரியின் தங்கமாயிற்று. இடைக்காவலர்க்கும் பின்காவலர்க்கும் கோல் காப்பாளர்க்கும் இதனினும் சிறந்த பாராட்டு ஒன்று இருத்தல் அரிது. காத்தலையே தம் தொழிலாகக் கொண்ட ஹலாஷியின் இரண்டாவது தங்கப் பதக்கம் இவ்வாறு கிடைத்தது.

1938 ஆம் ஆண்டு லண்டன் நகரின் வெம்பிளியில் நிகழ்ந்த ஐரோப்பியப் போட்டியிலும் ஹங்கேரியே வென்றது. ஹலாஷிக்கு அது மூன்றாவது ஐரோப்பிய நீர்ப்பந்தாட்டப் பட்டம். தம் நாட்டின் சார்பில் ஏறக்குறைய 90 ஆட்டங்களில் அவர் ஆடியிருந்தார். அவ்வளவில் ஐரோப்பாவின் வானத்தை யுத்த மேகங்கள் மூடின. 1940 ஆம் ஆண்டிலும் 1944 ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் விழாக்கள் நடைபெறவில்லை.

ஒரே நீரில் ஒன்றாய் ஆடியவர்களை நிலம் பிரித்துவிட்டது. பந்து கைமாறும்போது எவன் எக்குலத்தவன் என அவர்கள் பார்த்ததில்லை. அவர்களுடைய பயிற்சியாளரும் யூதரே. ஆனால் 1938 தொடக்கம் ஹங்கேரியிலே யூதருக்கு எதிரான சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1944 இலே பல இலட்சம் யூதர் நாடுகடத்தப்பட்டுக் கொலையுண்டனர். ஹலாஷியோடு பதக்கம் பெற்றோருள் கோல் காப்பாளர் ஜோர்ஜ் புரோடி போன்ற யூதரும் இருந்தனர். பிற்காலத்தில் அம்புச்சிலுவைக் கட்சியிற் சேர்ந்து யூதருக்குப் பகைவராயின மார்ட்டன் ஹொமொன்னாயும் இருந்தார். புரோடி பின்னர் தென்னாபிரிக்காவிற் குடியேறினார். ஹொமொன்னாய் ஆர்ஜென்ரீனாவுக்குத் தப்பியோடினார். சாண்டோர் தாரிச் என்பவர் அமெரிக்கா சென்று பூமியதிர்ச்சியைத் தாங்கும் கட்டடங்களை அமைக்கும் பொறியியலாளராகி, 102 ஆம் வயதில், 2016 இற் காலமானார். எழுவரை ஒரு குழுவாக்கும் அறிவு குளத்தில் இருந்தது. நாட்டை ஆண்டோரிடத்தில் அது இல்லாது போயிற்று.

1944 ஆம் ஆண்டு இறுதியிலே சோவியத் படைகள் புடாபெஸ்டைச் சூழ்ந்தன. ஏழு கிழமைக்குமேல் நீடித்த முற்றுகையின்பின் 1945 பெப்ரவரியில் நகரம் வீழ்ந்தது. டான்யூப் நதியின் பாலங்கள் அனைத்தும் தகர்க்கப்பட்டுக் கிடந்தன. 1946 இலே பணத்தின் மதிப்பு உலகம் அதுவரை கண்டறியாத அளவுக்கு வீழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் தேதி புதிய நாணயம் வழக்கிற்கு வந்தது. மக்கள் மெல்ல மூச்சுவிடத் தொடங்கிய வேளை அது. யுத்தத்தின் பேரழிவையெல்லாம் தப்பிப் பிழைத்திருந்த ஹலாஷி, 1946 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 10 ஆந் தேதி, தம் வீட்டுக்கு அண்மையிலே, கொள்ளையிட வந்த சோவியத் படையாள் ஒருவனாற் கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 37.

பத்தாண்டுக்குமுன் பெர்லினிலே ஆயிரமாயிரம் மக்கள் பார்த்திருக்கத் தம் குழுவைக் காத்த வீரர், தெருவில் எவரும் காவாத நிலையிலே இறந்தார். இதற்கு நீதி கூற யாரால் இயலும்? யுத்தம் முடிந்தது என்று ஏட்டில் எழுதிய நாளும், யுத்தத்தின் தீமை முடிந்த நாளும் ஒன்றல்ல என்பதையே அவர் மரணம் காட்டுகின்றது.

அவர் இறந்து இரண்டாண்டு கழிந்தபின், 1948 இலே, இங்கிலாந்தின் ஸ்ரோக் மாண்டவில் மருத்துவமனையிலே உடற்குறையுற்ற போர்வீரர்க்கென விளையாட்டுப் போட்டி தொடங்கியது. அதுவே வளர்ந்து, 1960 ஆம் ஆண்டு ரோம் நகரில் உடற்குறையுடையோர்க்கான உலக விளையாட்டு விழாவாக மலர்ந்தது. அது நற்பணி என்பதில் ஐயமில்லை. எத்தனையோ இளைஞர்க்கு அது வாழ்வளித்துள்ளது. ஹலாஷியின் காலத்திலே அத்தகைய தனிவழி எதுவும் இல்லை. பொதுவழியிலே புகுதல், அல்லாவிடின் கரையிலே இருத்தல் என்னும் இரண்டே அவர்முன் இருந்தன. அவர் பொதுவழியிலே புகுந்தார். அவர் நாட்டவராகிய கரோய் தகாச்சும் அவ்வாறே செய்தார். 1938 இலே கைக்குண்டு வெடித்து வலக்கையை இழந்த அப்படைவீரர், இடக்கையாற் சுடப் பழகி, 1948 இலும் 1952 இலும் துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2008 ஆம் ஆண்டு பீக்கிங் விழாவிலே, ஒரு காலை இழந்த தென்னாபிரிக்க நங்கை நற்றாலி டூ ரொயிற் 10 கிலோமீற்றர் நீச்சலில் இருகால் உடையோருடன் நீந்தியபோதும் ஹலாஷி திறந்த கதவே திறந்திருந்தது எனலாம்.

ஹலாஷியின் ஆட்டமுறை அவர் நாட்டிலே தொடர்ந்து வளர்ந்தது. 1952, 1956, 1964, 1976 ஆகிய ஆண்டுகளிலும், 2000, 2004, 2008 ஆகிய ஆண்டுகளிலும் ஹங்கேரி நீர்ப்பந்தாட்டத் தங்கத்தைப் பெற்றது. 1978 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலுள்ள அனைத்துலக நீச்சற் புகழ்மண்டபத்தில் ஹலாஷியின் பெயர் பொறிக்கப்பட்டது. அவர் பிறந்த ஊய்பெஸ்டிலே நீச்சல் நிலையம் ஒன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

தமிழ் கற்பிப்போன் என்ற முறையில் இறுதியாக ஒன்று கூற விரும்புகின்றேன். ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் பொறியில்லாமையையும் முயற்சியில்லாமையையும் ஒப்புநோக்கி, பழி எதன்கண் உள்ளது எனத் தீர்த்துரைக்கின்றார். ஆண்டுப் பொறி என்னுஞ் சொல்லுக்கு விதி எனப் பரிமேலழகர் பொருள் கண்டார்; உடலுறுப்பு எனக் கொள்வாரும் உளர். எது பொருந்தும் என வகுப்பிலே மாணவர் வினவுவதுண்டு. ஹலாஷியின் சரிதத்தைப் படித்தபின் இரண்டும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகின்றது. உறுப்பு அவரை இளமையிலே கைவிட்டது. விதி அவரை நடுவயதிலே கைவிட்டது. முதலாவது இழப்பு அவர் செய்ததன்று. இறுதி இழப்பும் அவர் செய்ததன்று. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த ஏறக்குறைய முப்பது ஆண்டுகளே அவருடையவை. அவற்றிலே ஒன்றையும் அவர் வீணாக்கவில்லை.

விளையாட்டுப் போட்டி நாளிலே மைதானத்தின் ஓரத்திற் கதிரையிட்டு அமர்த்தப்படும் மாணவன் எப்பள்ளிக்கூடத்திலும் ஒருவன் இருப்பான். அவனுக்கு நிழலும் குளிர்பானமும் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என எண்ணுதல் எளிது. அவனுக்கு ஏற்ற நீர் எது என்று தேடிக் கண்டு, அதிலே அவனை இறங்கச் செய்து, பிறரை அளக்கும் கோலாலேயே அவனையும் அளத்தல் அரிது. அவ்வரிய பணியை ஊய்பெஸ்ட் கழகத்தாரும் கொம்யாடியும் செய்தனர். எஞ்சியதை ஹலாஷி செய்தார். கல்லூரியை விட்டுச் சென்று இன்று தந்தையராயும் ஆசிரியராயும் கழகங்களை நடத்துவோராயும் இருக்கும் பழைய மாணவர்கள் இச்சரிதத்தை மனத்திற் கொள்வார்களாயின், கதிரையிலே இருக்கும் அம்மாணவன் எழுந்து வருவான்.